இட்லித் துணியில் இருந்த மூன்றாவது ஆள்

உங்கள் தடயவியல் பயிற்சிப் பிரிவுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னபோது, நான் சாதித்தவற்றைப் பற்றி எழுதும்படி கேட்டார்கள். அரை மணி நேரம் யோசித்துப் பார்த்தேன். சாதித்தவை எல்லாம் உங்கள் கையேட்டிலேயே இருக்கின்றன; படித்தால் தூக்கம் வரும். அதனால் ஒரு அப்பாவி மனிதரை நான் பன்னிரண்டு நாள் ஜெயிலில் வைத்த கதையை எழுதுகிறேன். கருவி சரியாகத்தான் வேலை செய்தது. ரசாயனங்கள் சரியாகத்தான் இருந்தன. கெட்டுப் போயிருந்தது என் புத்தி மட்டும்தான்.

நான் பெங்களூருக்கு வந்து தடயவியல் ஆய்வகத்தில் சேர்ந்தது 1991இல். அப்போதெல்லாம் ஒரு கறை வந்தால் அது மனித ரத்தமா, கோழி ரத்தமா, மனித ரத்தம் என்றால் எந்தப் பிரிவு என்று சொல்வதோடு எங்கள் வேலை முடிந்துவிடும். பத்து வருடம் கழித்து டி.என்.ஏ. கருவி வந்தது. சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்து உள்ளே கொண்டு போனோம். அன்றிலிருந்து போலீஸ்காரர்கள் எங்களைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. அதுவரை "ரிப்போர்ட் எப்போ மேடம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், "யாரு மேடம் பண்ணது?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்தக் கேள்வியில் ஒரு போதை இருக்கிறது. எனக்கு அது நன்றாகவே ஏறியிருந்தது.

பல பேருடையது கலந்து வரும் கலப்பு மாதிரியைப் பற்றி உங்களுக்கு வகுப்பெடுக்கப் போவதில்லை. ஆனால் நான் மனதில் வைத்திருந்த கணக்கைச் சொல்லிவிடுகிறேன், கதைக்கு அது வேண்டும். ஒரு வீட்டு வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்து, உள்ளே எத்தனை பேர் என்று சொல்வதுபோல்தான் இந்த வேலை. ஒருவர் வந்தால் இரண்டு செருப்பு. நான்கு கிடந்தால் இரண்டு பேராவது உள்ளே இருக்க வேண்டும். ஐந்தாவதாக மூலையில் சின்னதாக ஒன்று கிடந்தால்தான் வம்பு. மூன்றாவது ஆள் ஒருவர் உண்டா, இல்லை எந்த நாயாவது எங்கிருந்தோ கவ்விக்கொண்டு வந்து போட்டதா? கருவி தரும் வரைபடத்தில் செருப்புகளுக்குப் பதில் கூர்மையான முனைகள் இருக்கும். பீக் என்போம். பெரிய பீக்குகளால் ஒரு தொந்தரவும் இல்லை. சின்ன பீக்தான் ஆளைக் கவிழ்க்கும்.

கன்டோன்மென்ட் பக்கத்தில் ஒரு போலீஸ் ஸ்டேஷன். அங்கிருந்து சில மாதங்களுக்குள் ஐந்து வழக்குகள் எங்களிடம் வந்தன. ஒன்று, கடிகாரக் கடையில் திருட வந்தவன் வென்டிலேட்டரில் மாட்டிக்கொண்டு விட்டுவிட்டுப் போன மங்கி கேப். இரண்டாவது, நடுச்சுவர் யாருடையது என்று அடித்துக்கொண்ட அண்ணன் தம்பியின் ரத்தம் பட்ட துண்டு. மூன்றாவது ஒரு கான்டீனின் இட்லித் துணி. அரிசி ஊற வைத்தது சரியில்லை என்று இரண்டு சமையல்காரர்கள் கரண்டியால் அடித்துக்கொண்டு, கைக்குக் கிடைத்ததை எடுத்து மூக்கைத் துடைத்திருக்கிறார்கள். நான்காவது, எல்.பி.டபிள்யூ. கொடுத்த அம்பயரை அடித்த ஒரு பேட்ஸ்மேனின் கையுறை. ஐந்தாவது ஒரு மாப்பிள்ளையின் கோட்டு. பெண்ணின் சித்தப்பா, முதல் பந்தியில் இடம் கிடைக்காத கோபத்தில், அதைப் பிடித்து இழுத்திருந்தார்.

மங்கி கேப்பில் திருடனுடைய பீக்குகளும், மற்ற நான்கில் அடித்தவர், அடிபட்டவர் இருவருடைய பீக்குகளும் அம்சமாக வந்தன. அவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் அடியில் சின்னச் சின்னதாக வேறு சில பீக்குகள் மிச்சம் இருந்தன. யாரோ ஒரு ஆண். ஐந்து வரைபடங்களையும் மேஜையில் வரிசையாகப் பரப்பினேன். ஐந்திலும் மிச்சம் இருந்தவர் ஒரே ஆள்.

அப்போது என் உடம்பில் ஓடிய சிலிர்ப்பை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இன்ஸ்பெக்டர் முனிராஜுவுக்கு உடனே போன் போட்டேன். அவர் கோலார் பக்கத்துக்காரர். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசக்கூடியவர்.

"ஹௌதா மேடம்? அஞ்சு கேஸ்லயும் ஒரே ஆளா?"

"ஒரே ஆள்தான்."

"அப்போ இவன் பெரிய கைதான் மேடம். சண்டைக்குன்னே வாடகைக்குப் போறவன் போல."

இதைக் கேட்டு நான் சிரித்திருக்க வேண்டும். வென்டிலேட்டரில் நுழைந்து கடிகாரம் திருடி, பாகப்பிரிவினையில் கலந்துகொண்டு, இட்லிக்காக அடிதடி செய்து, அம்பயரை உதைத்து, கடைசியில் கல்யாணப் பந்தியில் இடம் பிடித்துத் தரும் ஒரு வாடகை ரவுடி எந்த ஊரிலும் இருக்க முடியாது. ஆனால் நான் சிரிக்கவில்லை. "இருக்கலாம்" என்றேன். ஆய்வகத்தில் அவருக்கு மூன்றாவது ஆள் என்று பெயரே வைத்துவிட்டோம். மங்கி கேப்பில் அவர் இரண்டாவது ஆள்தான், இருந்தாலும் அதே பெயர்.

முனிராஜு யோசித்தார். இட்லித் துணியில் இருக்கிறான் என்றால் கான்டீனுக்கு வந்து போகிறவனாக இருக்க வேண்டும். கான்டீனுக்குத் தினமும் வரும் பத்துப் பேரை அழைத்து, சின்னத் துணித் துண்டை வாயில் போட்டுச் சவைக்க வைத்து, உலர்த்தி, ஆளுக்கொரு பார்சலாகத் தைத்து சீல் வைத்து அனுப்பினார். எங்கள் வழக்கப்படி பார்சலைப் பிரித்து, துணியில் ஒரு துண்டு வெட்டி, பத்தையும் கருவியில் ஓட்டினோம். ஒன்பதாம் எண்ணைப் பார்த்ததும் அந்த ஐந்து வரைபடங்களையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அவர்தான் மூன்றாவது ஆள். ஒரு பீக் கூடப் பிசகவில்லை.

எழுத்தில் ரிப்போர்ட் போகும் முன்பே போனில் சொல்லிவிட்டேன். அன்று மாலையே அவரைப் பிடித்துவிட்டார்கள். ஸ்டேஷனுக்கு நேர் எதிரில் கடை வைத்திருந்த டெய்லர். ஆஸ்டின் டவுன்காரர், ஆரோக்கியராஜ் என்று பெயர். பெயில் மனு விசாரணைக்கு வரும்போது என் ரிப்போர்ட் கோர்ட்டில் இருக்க வேண்டும் என்றார் முனிராஜு. அதற்குப் பத்து நாள் இருந்தது.

இரண்டு நாள் கழித்து டெய்லரின் மனைவி ஸ்டெல்லா எங்கள் ஆபீசுக்கு வந்து நின்றார். வழக்கு சம்பந்தப்பட்டவர்களை நாம் பார்க்கக் கூடாது. அது உங்களுக்கும் தெரியும். அதைச் சொல்லி அனுப்பிவிடலாம் என்றுதான் வராந்தாவுக்குப் போனேன். அவர் கையில் அளவு எழுதும் நோட்டு ஒன்று இருந்தது.

"மேடம், எங்க வீட்டுக்காரரு அம்பயரை அடிச்சாருங்கறாங்க. கிரிக்கெட்ல எத்தனை பேர் ஆடுவாங்கன்னே அவருக்குத் தெரியாது."

"நாங்க யாரு குற்றவாளின்னு சொல்றதில்லைம்மா. மாதிரி ஒத்துப்போகுதான்னு மட்டும்தான் சொல்லுவோம்."

"அதைச் சொன்னதுனாலதானே உள்ள வெச்சிருக்காங்க?"

அவர் நோட்டைப் பிரித்துக் காட்டினார். கல்யாண மண்டபத்தில் சண்டை நடந்த அன்று பள்ளிக்கூட யூனிஃபார்ம் முப்பத்திரண்டு தைத்ததாக இருந்தது.

"தப்புப் பண்றவன் ஸ்டேஷனுக்கு எதிர்லயே கடை வெப்பானா மேடம்? அவங்க காக்கிச் சட்டைக்குப் பட்டன் வெக்கறதுலேர்ந்து உங்களுக்கு வர்ற பார்சல் வரைக்கும் அவருதான் தைச்சுத் தராரு. ஸ்கூல் தெறக்கற நேரம். அளவு குடுத்தவங்க எல்லாம் துணியைத் திருப்பிக் கேக்கறாங்க."

கேட்டீர்களா? முழு விடையையும் அந்த அம்மா வராந்தாவில் நின்று என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். நான், கருவி பொய் சொல்லாது என்கிற திமிரில், வக்கீலைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

சாப்பிட முடியாமல் பின்னறைக்குப் போனேன். அங்கே எங்கள் கன்னடக்கார அட்டெண்டர் லக்ஷ்மம்மா, கோர்ட்டுக்குத் திருப்பி அனுப்ப வேண்டிய பொருள்களைத் துணியில் சுற்றித் தைத்துக்கொண்டிருந்தார். நூல் முடிந்தது. புது நூலை எடுத்தார், நுனியை வாயில் வைத்து ஈரமாக்கினார், நாக்கால் கூராக்கினார், ஊசியில் கோர்த்தார்.

"லக்ஷ்மம்மா, என்ன பண்றீங்க?"

"நூல் கோக்கறேன் மேடம்."

"வாயில எதுக்கு வெச்சீங்க?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில், படித்தவர்கள் மேல் அவருக்கு இருந்த சந்தேகமெல்லாம் உறுதியானது தெரிந்தது. "வாயில வெக்காம நூலு எப்டி மேடம் உள்ள போகும்? சும்னே கேக்கறீங்களே."

எனக்குத் தையல் தெரியாது. அதில் அதுவரை கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஊசியை வாங்கி நானே கோர்த்துப் பார்த்தேன். மூன்று முறை தவறியது. நான்காவது முறை, நான் நினைப்பதற்கு முன்பே நூல் என் வாய்க்குள் இருந்தது.

அந்த மத்தியானம் ஆய்வகத்தில் ஒரு வேலையும் நடக்கவில்லை. ஊசியும் நூலுமாக ஒவ்வொரு மேஜையாகப் போனேன். காரணம் சொல்லாமல், "இதைக் கொஞ்சம் கோத்துக் குடுங்க" என்றேன். ஆளுக்கு ஒரு புது நூல். டிரைவர் வாயில் வைத்தார். டைப்பிஸ்ட் வாயில் வைத்தார். வெளிநாட்டில் படித்து வந்து, அசுத்தம் எப்படிப் பரவும் என்று எங்களுக்கெல்லாம் சொல்லித் தந்த இயக்குநர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வாயில் வைத்தார். ஒரே ஒருவர் மட்டும் வைக்கவில்லை. ஊசியில் துளை எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

சரி, எச்சில் நூலில் இருக்கிறது. அது உள்ளே இருக்கும் கறைக்கு எப்படிப் போனது? என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தேன். மேஜைக் காலில் கயிறு கட்டிய கத்திரிக்கோல் தொங்கியது, சிவப்பு பெயின்டில் அரசாங்க எண்ணோடு. அதைக் கொண்டுதான் பார்சலின் தையலை வெட்டுவோம். அதே கத்திரிக்கோலால்தான் கறையையும் வெட்டுவோம். ஒரு கேஸுக்கும் அடுத்த கேஸுக்கும் நடுவே ஸ்பிரிட்டில் முக்கித் துடைப்போம். அதில் நாங்கள் ரொம்பக் கறார். ஒரே கேஸின் தையலுக்கும் கறைக்கும் நடுவே துடைக்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. அசுத்தம் கண்டுபிடிக்க, மாதிரி எதுவும் போடாத ஒரு வெறும் குழாயையும் கூடவே ஓட்டுவோம் அல்லவா? அது எப்போதும் சுத்தமாகவே இருந்தது. வெறும் குழாய்க்கு யாரும் பார்சல் தைப்பதில்லை.

இதோடு நின்றிருந்தால்கூட நான் என்னை மன்னித்திருப்பேன். ஆனால் கான்டீனுக்கு வந்து போன அந்தப் பத்துப் பேரின் வரைபடங்களை மறுபடி எடுத்தேன். அந்தப் பார்சல்களைத் தைத்தவரும் ஆரோக்கியராஜ்தான். தன் எச்சில் இருந்த பார்சலையும் அந்த மனிதர் தானே தைத்துக் கொடுத்திருக்கிறார். அவருடைய வரைபடம் மட்டும் பளிச்சென்று இருந்தது. மற்ற ஒன்பது பேரில் ஏழு பேருடையதில், பெரிய பீக்குகளுக்கு அடியில், அதே சின்ன பீக்குகள் இருந்தன. கருவி தானாகக் கிளப்பும் பொருளற்ற முனைகளை இரைச்சல் என்போம். ஓரத்தில் பென்சிலால் என் கையெழுத்து: "இரைச்சல், பொருட்படுத்த வேண்டாம்."

இதை நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். அதே உயரம், அதே இடம், அதே பீக். இட்லித் துணியில் வந்தபோது அதை ஒரு ரவுடி என்றேன். கான்டீனில் காபி குடிக்க வந்தவரின் மாதிரியில் வந்தபோது இரைச்சல் என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் செய்யவில்லை. ஒன்றில் குற்றவாளியைத் தேடிக்கொண்டிருந்தேன், இன்னொன்றில் தேடவில்லை. தேடிய இடத்தில் கிடைத்தான்.

ஐந்து வழக்கின் பார்சல் துணிகளும் நூலோடு அலமாரியிலேயே இருந்தன. புதுக் கத்திரிக்கோல் ஒன்றை என் கைக்காசில் வாங்கி வந்து, நூலை மட்டும் வெட்டி ஓட்டினோம். ஐந்து நூலிலும் ஆரோக்கியராஜ் முழுசாக உட்கார்ந்திருந்தார்.

முனிராஜுவை வரச் சொன்னேன். இயக்குநர் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகிக்கொண்டே போனது.

"மேடம், டி.சி.பி. வரைக்கும் சொல்லிட்டேன். ஸ்பெஷல் டீம் போட்டிருக்கு. இப்போ வந்து நூலு, எச்சின்னு சொன்னா என் மரியாதை என்ன ஆகறது? அவன் ஒருத்தன் எச்சி பண்ணான்னு எல்லாரும் அப்டியா பண்ணுவாங்க?"

நான் ஊசியையும் நூலையும் அவர் முன்னால் வைத்தேன். "கொஞ்சம் கோத்துக் குடுங்க சார்."

அவர் கோபத்தில்தான் எடுத்தார். பேசிக்கொண்டே நூலை ஊசிக்குக் கொண்டு போனார், அது வளைந்துகொண்டு போனது. "இதெல்லாம் கோர்ட்ல நிக்காது மேடம்" என்று சொல்லிவிட்டு, நூலை வாயில் வைத்தார். வைத்தபடியே அசையாமல் இருந்துவிட்டார். இயக்குநர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது.

முனிராஜு நூலை வாயிலிருந்து மெதுவாக எடுத்து மேஜையில் வைத்தார். "இதை நீங்க ஓட்டினா நானும் வருவேனா?"

"பார்சலை நீங்க தைச்சிருந்தா இட்லித் துணியிலயே வருவீங்க."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "எழுதிக் குடுங்க மேடம். இன்னிக்கே குடுங்க." அந்த மனிதரைப் பற்றி நான் இதுவரை கிண்டலாகவே எழுதிவிட்டேன். ஆனால் அதைச் சொல்லவும் ஒரு தைரியம் வேண்டும். என்னைவிட அவருக்கு அது சீக்கிரம் வந்தது.

ஏனென்றால் ரிப்போர்ட்டை எழுத எனக்குக் கை வரவில்லை. "பார்சல் நூலில் இருந்த எச்சில், எங்கள் ஆய்வகத்தின் கத்திரிக்கோல் மூலம் மாதிரியில் கலந்தது" என்று ஒரு வரி. அதில் "எங்கள் ஆய்வகத்தின்" என்பதை எடுத்துவிட்டாலும் ஆரோக்கியராஜ் வெளியே வந்துவிடுவார். தப்பு எல்லாம் நூல் மேல் போய்விடும். பழைய கேஸ் எதையும் யாரும் கிளற மாட்டார்கள். இயக்குநரிடம் அந்த வரியைக் காட்டி, இது அவசியமா என்று கேட்டேன். கேட்டது நான்தான், அவர் இல்லை.

அவர் படித்தார். "நமக்கு எத்தனை கத்திரிக்கோல் வேணும்?" என்றார்.

"நாற்பது சார்."

நாற்பது கத்திரிக்கோல் வாங்கக் கேட்கும் இன்டென்ட் எழுதி முதலில் அதில் கையெழுத்துப் போட்டார், அப்புறம் ரிப்போர்ட்டில். கொள்முதல் பிரிவிலிருந்து இன்டென்ட் திரும்பி வந்தது: ஆய்வகத்துக்கு நாற்பது கத்திரிக்கோல் எதற்கு, தையல் பயிற்சி வகுப்பு ஏதும் நடத்தப்படுகிறதா, அனுமதி பெறப்பட்டதா என்று கேட்டு. அந்தக் கடிதத்தை நாங்கள் வெகுநாள் நோட்டீஸ் போர்டில் மாட்டி வைத்திருந்தோம். பழைய கேஸ்களையும் கிளறினோம். அது எனக்கு இரண்டு வருட வேலையாகவும் இரண்டு வருட அவமானமாகவும் இருந்தது.

ஆரோக்கியராஜ் பன்னிரண்டாம் நாள் வெளியே வந்தார். நான் போய்ப் பார்த்தேன். விதிப்படி போயிருக்கக் கூடாது. போகாமல் இருக்க முடியவில்லை. சின்னக் கடை. சுவர் அலமாரியில் யூனிஃபார்ம் துணி இருக்க வேண்டிய தட்டுகள் பாதிக்கு மேல் காலியாக இருந்தன. ஸ்டெல்லா என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். ஆரோக்கியராஜ் மட்டும் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்க மேடம்" என்றார்.

நூல், எச்சில், கத்திரிக்கோல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடைசியில் ஒன்றுதான் கேட்டார்.

"அந்தச் சின்ன கோடுன்னு சொன்னீங்களே மேடம், அதைப் பாக்கலாமா?"

இட்லித் துணியின் வரைபடம் என் பையில் இருந்தது. விரித்து, அடியில் இருந்த அந்த பீக்கை விரலால் காட்டினேன். அவர் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தார். நுனியை வரைபடத்தின் கீழ்க்கோட்டில் வைத்து, பீக்கின் உச்சி வரைக்கும் இழுத்து, சட்டைக்கு அளவெடுப்பது போலவே குனிந்து நிதானமாகப் பார்த்தார்.

"கால் இஞ்சுகூட இல்லையே மேடம்."

"இல்லை."

"இவ்ளோ துணி அதிகமா இருந்தா தையலுக்குள்ள மடிச்சு விட்டுருவோம். போட்டுக்கறவங்களுக்குத் தெரியவே தெரியாது. இதுக்கா பன்னெண்டு நாளு?"

மன்னிச்சுக்குங்க என்றேன். அது போதாது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. அவர் வரைபடத்தை வந்த மடிப்பிலேயே மடித்து என் கையில் கொடுத்தார். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மெஷினுக்குத் திரும்பிப் போனார்.